எட்டாம் வீட்டின் எடை

சென்ற வாரம் தபாலில் ஒரு தாள் வந்தது. சிரம்பானில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டத்தார் அனுப்பியது. ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து, வடையும் தேநீருமாக இலக்கியம் பேசுவார்கள். முழங்கால் சம்மதிக்கிற மாதங்களில் நானும் போவேன். வடைக்காகத்தான் போகிறேன் என்று என் மருமகள் சொல்வாள். முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

கடிதம் இப்படி இருந்தது: 'நகரத்து வறுமையையும் சமூக அநீதியையும் சொல்லும் பழைய பாட்டு ஒன்றை அடுத்த கூட்டத்துக்கு எடுத்திருக்கிறோம். ஐயா அவர்கள் இதை ஆராய்ந்து இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும். கடைசி இரண்டு அடி மட்டும் எங்கள் யாருக்கும் பிடிபடவில்லை.' கூட இருந்த தாளில் பாட்டு. அதன் கீழே சிறிய எழுத்தில்: 'ஜப்பான்காரன் காலத்துப் பாட்டு. மம்பாவில் ஒரு மூதாட்டி சொல்லக் கேட்டு எழுதியது. இயற்றியவர் தெரியவில்லை.'

பாட்டை இங்கே எழுதிவிடுகிறேன்.

ஏழு வீடு கனமா இருக்கு
எட்டாம் வீடு லேசாப் போச்சு
அழுகைச் சத்தம் கேக்கு முன்னே
அடுப்பு அணைஞ்சது எனக்குத் தெரியும்

ரெண்டு தட்டுத் தட்டி வச்சேன்
ஒத்தைத் தட்டுத் திரும்பி வந்துச்சு
மறுநாள் விடிய மறுபடி தட்டினேன்
என் தட்டேதான் எனக்கு வந்துச்சு

சந்து இடுக்கில் மூட்டை தெரியுது
மூட்டை மேலே பூனை தூங்குது
பின்னால் எட்டாம் வீட்டுக் குள்ளே
பேரு சொல்ல ஆளு இல்லே

லேசான வீட்டுக்குக் கிழங்கு வச்சேன்
பொருளு கேட்டேன், விடுகதைன்னார்

முதல் அடியைப் படித்ததுமே எனக்குக் கரி வாசனை வந்தது. அடுப்புக் கரி இல்லை. ரப்பர் சீட்டுகளைத் தொங்கவிட்டு உலர்த்துகிற புகைவீட்டின் சுவரில் வருஷக் கணக்கில் படிந்த கரி. நாக்கில் ஒட்டிக்கொண்டு போகாத வாசனை அது. தாளை மடித்து வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அப்போதும் இருந்தது. முதல் பன்னிரண்டு அடியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். கடைசி இரண்டு அடியை அன்றுதான் பார்த்தேன்.

நான் அப்போது மம்பாவுக்கும் புக்கிட் பெலண்டோக்குக்கும் இடையில் ஒரு தோட்டத்தில் சின்னக் கிராணி. அதாவது ஆபீசில் இரண்டாம் எழுத்தர். வயது இருபது. சிரம்பான் ஆங்கிலப் பள்ளியில் படித்து முடித்து, உலகத்துக்கு என் அறிவைக் காட்டப் போகிறேன் என்று சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்த நேரத்தில் மலாயாவுக்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். அதற்குப் பிறகு என் அறிவால் ஆன காரியம், காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, பேர் வாசிப்பதும், பிடுங்கிய மரவள்ளிக்கிழங்கை நிறுப்பதும்தான். இஸ்திரி போட்ட சட்டை கிழிந்த பிறகு கோணிச் சாக்கில் துளை போட்டு மாட்டிக்கொண்டேன். அதையும் மடிப்புக் கலையாமல் வைத்துக்கொள்ளப் பார்த்தேன் என்றால் சிரிப்பீர்கள்.

அந்தக் காலத்துக் காலை நேரத்தைச் சொல்லாமல் எதுவும் புரியாது. கடிகாரங்களை எல்லாம் தோக்கியோ நேரத்துக்கு மாற்றி வைக்கச் சொல்லிவிட்டார்கள். கடிகாரத்தில் ஏழு; வானத்தில் ஐந்தரை. நன்றாக விடிந்த பிறகு வேலைக்குப் போன ஞாபகமே எனக்கு இல்லை. பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையாக நிற்பார்கள், முகம் தெரியாது. நான் பேரை வாசிப்பேன். இருட்டுக்குள்ளிருந்து 'இருக்கேன்' என்று குரல் வரும். சில பேருக்குக் குரல் வராது. முதல் நாள் இருந்தவர் மறுநாள் இல்லை. காய்ச்சல், பசி, இல்லாவிட்டால் ஆள் பிடித்துப் போகும் லாரி. குரல் வராத பேருக்குக் கோடு போடுவேன். கண்ணால் பார்க்காமல், காதால் மட்டும் ஆள் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளப் பழகியிருந்தேன்.

இன்னொரு குரலையும் அப்படித்தான் எனக்குத் தெரியும். இப்போதைய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் மூக்கைப் பொத்துவார்கள்; பரவாயில்லை. அன்று கிராணி வீடுகளுக்குப் பின்னால் கக்கூஸ் இருக்கும். பலகைக்கு அடியில் ஒரு வாளி. பின்சுவரில், தரையோடு தரையாக, தகரத்தில் ஒரு சின்னக் கதவு. வாளி எடுக்கிறவர் வெளியிலிருந்து அந்தத் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டுவார். உள்ளே ஆள் இருந்தால் பதிலுக்குத் தட்ட வேண்டும். இல்லாவிட்டால் கதவைத் திறந்து வாளியை இழுத்துக்கொள்வார். முகத்தை முகம் பார்க்க வேண்டியதில்லை. பார்க்கவே கூடாது என்றுதான் அந்தக் கதவை அவ்வளவு தாழ்வாக வைத்தார்கள்.

எங்கள் வரிசையில் வாளி எடுத்தவர் பெயர் சடையன். அன்று நான் 'அவன்' என்றுதான் சொன்னேன். போருக்கு முன்னால் அவர் சிரம்பான் டவுனில் கடை வீடுகளின் பின்சந்தில் அதே வேலை செய்தவர். டவுனில் சோறு இல்லாமல் போனதும், தோட்டத்தில் கிழங்காவது கிடைக்கும் என்று மனைவி பவுனுவோடு வந்துவிட்டார். பின்சந்துக் குப்பையில் கிடந்த பழைய பேப்பர்த் துண்டுகளை வைத்தே எழுத்துப் படித்தாராம். தகரத்துக்கு அப்பாலிருந்து அவரே சொன்னது. கனமான, கரகரத்த குரல். ஐம்பது வயது இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் இரண்டு தட்டு. நான் உள்ளே இருந்தேன், பதிலுக்குத் தட்டினேன்.

"கிராணி ஐயா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"உங்க வீடு வர வர லேசாப் போவுது ஐயா. முந்தி ரெண்டு கையால தூக்குவேன். இப்ப சுண்டு விரல் போதும். நல்லாச் சாப்பிடுங்க."

எனக்குக் கூச்சமும் கோபமும் வந்தன. "உன் வேலையைப் பாரு," என்றேன்.

"அதைத்தான் பாத்துச் சொல்றேன்," என்று அவர் சிரித்தார்.

மறுநாள் காலை தகரக் கதவுக்குப் பக்கத்தில், வாழை இலைத் துண்டில் சுற்றி இரண்டு கிழங்கு இருந்தது. வெந்த கிழங்கு, இன்னும் சூடாக. யார் கை பட்டது என்றெல்லாம் படித்த மூளை ஒரு கணம் யோசித்தது. வயிறு யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு நாலைந்து நாளுக்கு ஒருமுறை அங்கே கிழங்கு இருக்கும். நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு காலை, பெரட்டுக் களத்துக்கு எதிரே புகைவீட்டுச் சுவரில் கரியால் எழுதியிருந்தது. பன்னிரண்டு அடி. அச்சு எழுத்துப் போலத் தனித்தனியாக நிற்கும் எழுத்து. மண்டோர் பந்தத்தைத் தூக்கிப் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். வேலைக்காரர்களை மேய்க்கிற மண்டோர் அவர். நல்ல மனுஷன், சத்தம்தான் அதிகம்.

"விடுகதைலா இது," என்றார். "எட்டாம் வீடு லேசுன்னா, நிலா."

"நிலா எப்படித் தட்டும்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"அப்ப கோழி முட்டை. உள்ளேருந்து தட்டுதுல்ல?"

"முட்டைய கண்ணால பாத்தே வருஷமாச்சு, மண்டோரு முட்டைங்கிறாரு."

இருட்டில் சிரித்தார்கள். சிரிப்பு ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக அடங்கிக்கொண்டே வந்தது. திரும்பிப் பார்த்தால் ஜப்பான் துரை எங்களுக்குப் பின்னால் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. அவருடைய ரப்பர்ச் செருப்புக்குச் சத்தமே கிடையாது.

துரை கத்துகிற ஆள் இல்லை. மெலிந்த உடம்பு, தாழ்ந்த குரல், பள்ளி வாத்தியார் மாதிரி ஆங்கிலம். அன்று பகலில் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். சுவரில் இருந்ததை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

"ஏழு. எட்டு. இரண்டு தட்டு. ஒரு தட்டு," என்றார். "காட்டில் ஒளிந்து எங்களோடு சண்டை போடுகிறவர்களுக்குச் செய்தியா?"

அப்படி என்றால் ராணுவப் போலீஸ் வரும். தொழிலாளர் லயத்தில் எந்தப் பத்துப் பேர் அகப்பட்டாலும் கொண்டு போவார்கள். ஆகவே எனக்கு ஒரு நியாயம் இருந்தது. அதை நான் இவ்வளவு வருஷமும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் அந்த நியாயத்துக்கு வேண்டியது ஒரே வாக்கியம். 'துரை, இது பிள்ளைகள் போடும் விடுகதை' என்று சொல்லியிருந்தால் போதும். மண்டோரே சொல்லிக் கொடுத்திருந்தார்.

நான், "இது செய்தி இல்லை, கவிதை," என்றேன்.

"அப்படியா? விளக்கு."

ஒன்றரை வருஷமாக யாரும் என்னை எதையும் விளக்கச் சொன்னதில்லை. பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முறை ஒன்று உண்டு: ஒரு கவிதையை எடுத்தால், அதைச் சொல்கிறவன் எங்கே நிற்கிறான் என்று முதலில் பார்க்க வேண்டும். அதை வைத்து ஆரம்பித்தேன். இது நகரத்து வறுமையைப் பற்றிய பாட்டு என்றேன். ஒரு குடும்பம் சத்தமில்லாமல் பட்டினி கிடந்து சாகிறது. பக்கத்திலேயே அரிசி மூட்டை இருக்கிறது. அந்த அரிசியின் மேல் தூங்குகிற உரிமை பூனைக்கு உண்டு, இவர்களுக்கு இல்லை. அநீதி என்ற சொல்லே வராமல் அநீதியைச் சொல்லிவிட்டான், பாருங்கள் என்றேன். துரை கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார். அவருடைய சமையல்காரர் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அதில் சர்க்கரை இருந்தது. நாக்கில் சர்க்கரை பட்டதும் எனக்கு இன்னும் பேச்சு வந்தது.

"இந்தப் பாட்டில் ஒரு வாசலும் இல்லை," என்றேன். "வாசல் இல்லை, திண்ணை இல்லை, படி இல்லை. அரிசி மூட்டையைக்கூட இடுக்கு வழியாகத்தான் பார்க்கிறான். இவன் ஊரை முன்பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. வீட்டில் இருக்கிறவர்கள் சாப்பிட்டார்களா என்பது இவனுக்குக் கண்ணால் தெரியவில்லை, எடையால் தெரிகிறது. அக்கம் பக்கத்தாருக்குத் தெரியும் முன்னே தெரிகிறது. ஒரு வீட்டை எவன் தினமும் கையால் தூக்கிப் பார்க்கிறான்?"

துரை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்தப் பத்து நிமிஷம் எனக்கு அவர் துரை இல்லை, நல்ல வாசகர்.

"மிக அழகு," என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. யார் என்று அவர் கேட்கவில்லை. இதை நான் தெளிவாக எழுத வேண்டும். அவர் கேட்கவில்லை. எழுந்து போகும்போது, கதவுக்குப் பக்கத்தில் திரும்பி நின்று, நானாகத்தான் சொன்னேன்: "நம் தோட்டத்திலேயே அப்படி ஒருவன் இருக்கிறான்." என் விளக்கம் சரி என்று நிரூபிக்க ஆசை. பரீட்சைத் தாளின் கடைசியில் ஒரு வரி சேர்ப்பது போல. அதுவும் மேதாவித்தனம் ஒன்றும் இல்லை. எடை ரகசியத்தை எனக்குச் சொன்னதே சடையன்தான். அவர் தந்த கிழங்கு வயிற்றில் இருக்கிறபோது சொன்னேன்.

மூன்றாம் நாள் பெரட்டுக்கு லாரி வந்து நின்றது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், மூன்றே மாதம் என்றார்கள். துரை கையாலேயே எழுதிய பட்டியல். வாசிக்க வேண்டியவன் நான். முதல் பெயர் சடையன்.

"இருக்கேன்," என்றது குரல்.

லாரியின் விளக்கு வெளிச்சத்துக்குள் அவர் வந்தார். அப்போதுதான் அந்த முகத்தை முழுதாகப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். தாடையில் இரண்டு மயிர்கூட ஒழுங்காக முளைக்கவில்லை.

"சயாம்ல வீடெல்லாம் இருக்குமா ஐயா?" என்று என்னைக் கேட்டார்.

மண்டோர், "காடுடா. வீடு ஏது?" என்றார்.

"வீடு இல்லாத ஊருல எனக்கு என்னா வேலை?" என்றார் சடையன். சிலர் சிரித்தார்கள். பின்னால் போய் மனைவியிடம் ஏதோ காதோடு சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். சுவரில் கரி எழுத்து அப்படியே இருந்தது. அழிக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. மழைதான் மெதுவாக அழித்தது. கடைசியாகப் போனது 'பேரு' என்ற சொல்.

மறுநாள் விடிகாலை நான் படுத்திருந்தேன். பின்பக்கம் இரண்டு தட்டு. அதே தட்டு, அதே இடைவெளி. ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. எழுந்து போய்த் தகரத்தைத் திறந்து பார்த்தேன். ஆள் இல்லை. வாளி முதல் நாள் இருந்தபடியே இருந்தது. பக்கத்தில் இலையில் சுற்றிய கிழங்கு, சூடாக.

நாலைந்து நாள் கழித்து மறுபடியும். அதற்குப் பிறகும். கிழங்கு இல்லாத நாட்களிலும் தட்டு வந்தது. மண்டோரிடம் கேட்டேன், அந்த வேலைக்கு வேறு ஆள் போடவில்லை, அவரவர் வாளியை அவரவரே எடுக்க வேண்டியதுதான் என்றார். பசி காதைக் கெடுக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு காலை பொறுக்க முடியாமல், உள்ளே குந்தியிருந்தபடி, ஒரு விரலால் ஒரே ஒரு தட்டுப் பதிலுக்குத் தட்டினேன். பாட்டில் எட்டாம் வீட்டுக்குள்ளிருந்து வந்ததும் அதே ஒற்றைத் தட்டு என்பது கை தகரத்தில் இருக்கும்போதே நினைவுக்கு வந்தது. வெளியே யாரோ மூச்சை நிறுத்தியது போல ஒரு அமைதி. அதற்குப் பிறகு அந்தத் தட்டு வரவில்லை.

மூன்று மாதம் ஆறு மாதமானது. போனவர்கள் யாரும் திரும்பவில்லை. ஒரு மத்தியானம் பவுனு என் வீட்டுக்கு வந்தார், முன்வாசலுக்கு. வாளி எடுக்கிற வீட்டார் யாரும் அதுவரை என் முன்வாசலுக்கு வந்ததில்லை. கோணியைச் சுற்றிக்கொண்டு, படிக்குக் கீழேயே நின்றார்.

"கெழங்கு சரியா வெந்திருந்துச்சுங்களா ஐயா?"

"நீயா வைத்தாய்?"

"லாரி ஏறுறப்ப சொல்லிட்டுத்தான் போனாரு. 'சின்னக் கிராணி வீடு லேசாப் போவுது, பாத்துக்க'ன்னு."

நான் கேட்டேன்: "வைக்கும்போது தட்டுவாயா?"

"இல்லீங்களே. வச்சிட்டு வந்துருவேன். நான் எதுக்குத் தட்டப் போறேன்?"

அப்புறம் அவர் வந்த காரியத்தைச் சொன்னார். "அவரு செவுத்துல எழுதுனதுக்கு நீங்க ரொம்ப நல்லா அர்த்தம் சொன்னீங்களாம். தொரை வீட்டுச் சமையல்காரரு சொன்னாரு. எனக்குப் பாட்டு மனப்பாடம். அர்த்தந்தான் முழுசாத் தெரியல. எனக்கும் சொல்லுங்க ஐயா."

துரைக்குப் பத்து நிமிஷம் விளக்கியவன் நான். அந்த வாசலில் நின்று, "அது ஒன்றும் இல்லை. சும்மா ஒரு விடுகதை," என்றேன்.

எங்கே சொல்லியிருந்தால் ஒரு உயிர் மிஞ்சியிருக்குமோ அங்கே சொல்லாத பொய்யை, அவர் மனைவியிடம் சொன்னேன்.

பவுனு என் முகத்தைப் பார்த்தார். "அப்பிடிங்களா," என்றார். போய்விட்டார். பிறகு பின்கதவில் கிழங்கு இருந்ததில்லை. போர் முடிந்து நான் தோட்டத்தை விட்டு வரும்போது அவர் எந்தப் பக்கம் போனார் என்று விசாரிக்கவில்லை. மம்பாவில்தான் இருந்திருக்கிறார், என் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம்.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் பள்ளி ஆசிரியனாக இருந்து, பிள்ளைகளுக்குக் கவிதை விளக்கினேன். சந்தம், உவமை, கருத்து எல்லாம் சொல்வேன். சொல்கிறவன் எங்கே நிற்கிறான் என்று மட்டும் ஒரு பிள்ளையையும் கேட்டதில்லை. நல்ல வாத்தியார் என்று மாலை போட்டு அனுப்பினார்கள்.

வாசகர் வட்டத்துக்கு நான் தர வேண்டிய விளக்கம் இதுதான். கடைசி இரண்டு அடியில் தெளிவில்லாதது எதுவும் இல்லை. லேசான வீடு என்னுடையது. விடுகதை என்றவன் நான். பவுனுவுக்கு அர்த்தம் அன்றே தெரிந்திருந்தது. நான் சொல்கிறேனா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறார். 'இயற்றியவர் தெரியவில்லை' என்பதை அடித்துவிட்டு, முதல் பன்னிரண்டு அடி சடையன், கடைசி இரண்டு பவுனு என்று எழுதியிருக்கிறேன். அச்சில் அப்படியே வர வேண்டும். என் பெயரையும் சேர்த்துப் போடுங்கள், எதற்கு என்பதையும்.

எழுதி முடித்ததும் டாக்சி பிடித்து சிரம்பானுக்குப் போனேன். தோட்டத்தைப் போய்ப் பார்க்க வழியில்லை. புகைவீடு இருந்த மேட்டில் இப்போது வரிசை வீடுகள், ஒவ்வொன்றின் முன்னாலும் இரண்டு கார். டவுனில், சடையன் முன்பு வாளி எடுத்த பழைய கடைகளின் பின்சந்து மட்டும் மிச்சம் இருக்கிறது. வாளி போய், குழாய் வந்து, தகரக் கதவுகளை எல்லாம் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். சுவரின் அடியில் சதுரம் சதுரமாகத் தழும்பு தெரிகிறது. ஒரு முனையிலிருந்து எண்ணிக்கொண்டே போனேன். சந்து இடுக்கில் முன்தெரு தெரிந்தது; மூட்டை இல்லை, கைத்தொலைபேசிக் கடை.

எட்டாவது சதுரத்துக்கு முன்னால் குனிய முடியவில்லை. மெதுவாகத் தரையில் உட்கார்ந்தேன். ஒரு பையன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, என்ன தேடுகிறீர்கள் என்று மலாயில் கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். அவன் போகும்வரை காத்திருந்து, செங்கல்லை இரண்டு தட்டுத் தட்டினேன். ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

உள்ளே குளிர்சாதனப் பெட்டி ஓடுகிற சத்தம் கேட்டது. காதைச் சுவரில் வைத்து வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.